விலையில் பாதி

ரீகாவில், ஜெர்ட்ருடெஸ் தெருவில்,
செருப்புக் கடைக்கு மேல்மாடியில்
மாதக் கடைசிச் சனிக்கிழமை ஏலம்.
சுத்தியல் என் கையில்,
இருபத்திரண்டு வருஷமாக.

ஏலத்துக்கு முன்னால் பெட்டிகள் வரும்.
சோவியத் காலத்து ஆல்பம்: ராக்கெட், பனிச்சறுக்கு, கப்பல்,
ஒரு பல் கூட உடையாமல்.
"ஐம்பது வருஷப் பழசு" என்பார்கள்.
பழசுதான்.
கோடிக்கணக்கில் அடித்தார்கள்,
வாங்கியவர்கள் எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள்.
தராசை எடுத்து வைப்பேன்.
கிலோ நான்கு யூரோ.
சிலர் அழுவார்கள்.
ஒருவர் தராசைச் சோதிக்கச் சொன்னார்.

சரி, அரிதாக இருந்தால் போதுமா என்றால்
அதுவும் இல்லை.
என் மகள் லாஸ்மா மூன்று வயதில்
மின்கட்டண ரசீதின் மேல் வரைந்த குதிரை
உலகத்தில் ஒன்றே ஒன்று.
ஐந்து கால்.
ஏலத்தில் வைத்தால்
நான் மட்டும்தான் கை தூக்குவேன்.
ஒற்றைக் கை தூக்கி விலை ஏறாது.

1918. நாட்டின் முதல் தபால்தலைக்குத் தாள் கிடைக்கவில்லை.
ஜெர்மன் படை விட்டுப்போன வரைபடங்களின்
வெறும் முதுகில் அடித்தார்கள்.
முன்னால் சிவப்பில் சூரியன், மூன்று கதிர், ஐந்து கோபெக்.
பின்னால் கொஞ்சம் காடு, ஒரு சாலை வளைவு,
யாரோ ஒருவருடைய ஊரின் கடைசி மூன்று எழுத்து.

முன்பக்கம் போதுமென்பவர்களுக்கு
ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு. நிறையக் கிடைக்கும்.
பின்பக்கத்துக்காக வந்தவர்கள் இரண்டே பேர்.

பல் மருத்துவர் ஒயார்ஸ், மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
மில்டா, மர வியாபாரம்,
ட்சேசிஸிலிருந்து பஸ்ஸில் வந்து கதவருகே உட்காருவார்.
இருவருக்கும் வேண்டியது ஒரே ஏரி,
பெயர் கூட அச்சாகாத ஏரி.
துண்டு துண்டாக
உறைகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் கிடக்கிறது.
ஏன் அந்த ஏரி என்று நான் கேட்டதில்லை.
பதில் சாதாரணமாக இருந்துவிட்டால்?

ஒரு சதுரம் வரும். பன்னிரண்டில் ஆரம்பிப்பேன்.
நாற்பது. தொண்ணூறு. இருநூற்றுப் பத்து.
மற்றவர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.
திரும்பி வரும்போது நானூறில் நிற்கும், யானை விலை.
அவருடைய பிடரியை மில்டாவுக்குத் தெரியும்,
மில்டாவின் இருமலை அவருக்கு.
பேசிப் பார்த்ததில்லை.

போன நவம்பரில் எழுபத்தொன்றாவது உருப்படி:
ஏரியின் வடகரை, ஒரு படகுத்துறைக் குறி.
பன்னிரண்டு என்றேன்.
கதவருகே அட்டை எழுந்தது.
ஒரு தரம்.
ஜன்னலோர நாற்காலியில்
யாரோ ஈரக் குடையை மாட்டியிருந்தார்கள்.
இரண்டு தரம்.
மில்டா அட்டையை இறக்கவில்லை.
ஜெயிக்கிறவர் அப்படித் தூக்கிப் பிடிப்பதில்லை.
நான் கண்ணாடியைத் துடைத்தேன்,
தண்ணீர் குடித்தேன்,
சட்டப்படி அவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது.
மூன்று தரம்.

சில்லறையாக எண்ணிக் கொடுத்தார், பன்னிரண்டு யூரோ.
"காய்ச்சலா, அவருக்கு?"
மாரடைப்பு என்றேன்.
ரசீதை வாங்காமல் இறங்கிப் போனார்.

இந்த வாரம் மகன் வந்தான், ரைவிஸ், டப்ளினிலிருந்து.
ஒரே ஒரு ஆல்பம்.
கூடவே என் ரசீதுகள், ஒன்று விடாமல்.
கூட்டி வைத்திருந்தான்: ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

தபால்தலைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
தென்கரை முழுசாக இருந்தது,
ஓடை கலக்கும் இடம் வரைக்கும்.

"இன்றைக்கு என்ன போகும்?"

புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை, தம்பி.
அன்றைக்கு எத்தனை அரிதோ இன்றைக்கும் அத்தனை அரிது.
ட்சேசிஸில் ஒரு அம்மா இருக்கிறார்,
இனி அவர் சொல்வதுதான் விலை.

மேசைமேல் தராசு இருந்தது.
துணி போட்டு மூடினேன்.

"அப்படியென்றால் இந்த ஒன்பதாயிரம்?"
அவன் விரல் இன்னும் கூட்டுத்தொகையின் மேல்.

எப்படிச் சொல்வது,
அதில் பாதி உங்கள் அப்பா.